மிஸி சொல்லாமல் விட்டது

என் மகளுக்கு நாலு வயது நடந்துகொண்டிருந்தபோது, கிணற்றடியில் குளிக்க வார்க்கையில், வலது தொடை மடிப்புக்கு மேலே ஒரு சின்ன வீக்கத்தைக் கண்டேன். இருமினால் புடைக்கும். படுத்தால் மறைந்துவிடும். கணவரைக் கூப்பிட்டுக் காட்டப்போனால் அது அங்கே இருக்காது. "உனக்கு எல்லாத்திலயும் சந்தேகம்" என்றுவிட்டு அவர் வயலுக்குப் போய்விடுவார்.

முள்ளியவளையில் எங்கள் அடுத்த வளவில் இருப்பவர் என் மச்சாள், கணவரின் அக்கா. "உது பொடியளுக்கு வாற வருத்தமெல்லோ? பொம்பிளைப் பிள்ளைக்கு எப்பிடி வரும்?" என்று கேட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத. நாளைக்குக் கலியாணம் பேசேக்க கதை வரும்" என்றார். முதலில் சொல்லப்போவது அவர்தான் என்று எனக்குப் பட்டது.

பக்கத்து ஆஸ்பத்திரியிலும் அது மறைந்தே இருந்தது; நான் சொன்னதை மட்டும் கேட்டுவிட்டு, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே பிள்ளைகளுக்குச் சத்திரசிகிச்சை செய்யும் டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர். கொஞ்சம் தமிழ் தெரியும். மிச்சத்தை ஒரு தாதி மொழிபெயர்த்துச் சொன்னார். தாதியை நாங்கள் மிஸி என்போம். மிஸி எங்கள் பக்கத்துப் பெண், என் வயதுதான் இருக்கும்.

டொக்டர் மகளைத் துள்ளச் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டு துள்ளினாள். வீக்கம் வந்தது. என்னைத் தவிர இன்னொருவர் அதைக் கண்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் சிங்களத்தில் நீளமாகப் பேசினார். கை வலது பக்கத்தைக் காட்டியது, தொப்புளைக் காட்டியது, பிறகு இடது பக்கமும் போனது. அவர் முடித்ததும் மிஸி என்னிடம் திரும்பினார்.

"ஹேர்னியா அம்மா. கமரா வச்சுச் செய்வினம். சின்ன ஓட்டைதான். பயப்பட ஒண்டுமில்லை."

இவ்வளவுதானா? கீழே இருக்கிற வீக்கத்துக்குத் தொப்புளில் ஏன் ஓட்டை? இடது பக்கத்துக்கு ஏன் கை போனது? ஒருவர் சொல்வதை இன்னொருவர் சுருக்கிச் சொல்லக் கேட்டே வளர்ந்தவர்கள் நாங்கள். விட்டுப்போன பாதியில்தான் எங்களுக்கு வேண்டியது இருக்கும்.

"மிஸி, அவர் கன நேரம் கதைச்சவர். நீங்கள் கெதியா முடிச்சிட்டியள்."

"அதுதான் அம்மா விசயம்."

"இடப்பக்கம் கையை வச்சு என்னவோ சொன்னவர். அது என்ன?"

மிஸியின் முகம் மாறியது. டொக்டர் என்னவென்று அவரிடம் கேட்டார். பிறகு கதிரையை என் பக்கம் இழுத்துப்போட்டுக்கொண்டு, தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடிச் சொன்னார்.

"அம்மா, வலது பக்கம் ஓட்டை. அதுக்குள்ள சூலகம் வந்து போகுது. தொப்புளால கமரா உள்ள போனா இடது பக்கமும் தெரியும். அங்கயும் ஓட்டை இருந்தா தைக்கிறது. இல்லாட்டி தொடுறது இல்லை."

"சூலகத்தை எடுத்துப்போடுவீங்களோ ஐயா?"

"இல்லை, இல்லை. உள்ள தள்ளுறது. ஓட்டையை மூடுறது."

வெளியே வந்தபோது மிஸி பின்னால் வந்தார். "முழுக்கச் சொன்னால் பயந்துபோய்ப் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போயிடுவியள் எண்டுதான் சொல்லேல்ல. கன பேர் அப்பிடிப் போனவை."

உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் என் மொழி பேசியவர் மறைக்கிறார், என் மொழி சரியாகத் தெரியாதவர் தடுமாறித் தடுமாறிச் சொல்கிறார். யாரை நம்புவது என்று தெரியாமலே சம்மதித்தேன். அந்த வீக்கம் இறுகிவிட்டால் ஆபத்து என்று டொக்டர் கடைசியில் சொன்னது மட்டும் மனதில் நின்றது. "நல்ல பக்கத்தில கை வைக்க விடாத" என்று கணவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஒப்பரேஷன் முடிந்து டொக்டரே வெளியே வந்தார். "ரெண்டு பக்கமும் ஓட்டை இருந்தது. ரெண்டும் மூடியாச்சு."

கணவர் என்னைப் பார்த்தார். "நல்ல பக்கத்திலயும் கை வச்சிட்டினம். நான் சொன்னனானெல்லோ?"

"எனக்குக் காட்டுங்கோ ஐயா" என்றேன். டொக்டர் கோபிக்கவில்லை. கமரா எடுத்த படத்தைத் திரையில் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒரு சுவர், அதில் கறுப்பாக ஒரு பொந்து. முல்லைத்தீவுக் கடற்கரையில் நண்டு தோண்டிய பொந்து போலிருந்தது. அது இடதா வலதா, என் பிள்ளையுடையதா வேறு பிள்ளையுடையதா, எனக்கு எப்படித் தெரியும்? "ஓம்" என்று தலையாட்டினேன்.

மகள் அன்று பின்னேரமே பிஸ்கட் கேட்டாள். அடுத்த நாள் வீட்டுக்கு விட்டார்கள். சில நாட்களில், பிடித்து வைக்க முடியாதபடி ஓடித் திரிந்தாள்.

மறுபடி காட்டப் போனபோதும் அதே மிஸிதான் நின்றார். டொக்டர் பேசப் பேச, இம்முறை ஒரு சொல்லையும் விடாமல் சொன்னார். "நல்லா ஆறியிருக்காம். ஓடி விளையாடலாமாம். அந்தக் கதவைச் சாத்தட்டாம், காத்து அடிக்குதாம். திரும்ப வீங்கினால் உடன கொண்டுவரட்டாம்."

"திரும்ப வருமோ?"

மிஸி கேட்டுச் சொன்னார். "அருமையாத்தான் வருமாம், எப்பவாவது ஒருத்தருக்குத்தானாம்."

கணவர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். நான் எழும்பவில்லை.

"அருமையா எண்டது அவர் சொன்னதோ, நீங்கள் சொல்லுறதோ?"

மிஸி சிரித்துவிட்டு, அதையும் அவரிடம் கேட்டார்.