செல்வராஜின் கைக்குட்டை

நான் கனகசபை. பதுளை பஸ் நிலையத்தில் இன்று மாலை நடந்ததை வேறொருவர் வாயால் நீங்கள் கேட்பதற்கு முன், நானே எழுதிவிடுகிறேன்.

வெலிமடை பஸ்ஸில் வரிசையாகத்தான் ஏற வேண்டும் என்று நானும் என் சக ஆசிரியர் செல்வராஜும் பல மாதங்களாக வாதாடி, சனங்களை ஒருவழியாக நிற்க வைத்திருந்தோம்.

இன்று பஸ் நிற்பதற்குள் ஒருவர் ஓடிவந்து ஜன்னல் வழியாகக் கைக்குட்டையை எறிந்து இடம் பிடித்தார்.

செல்வராஜ்!

வரிசையின் நடுவே நின்ற என்னைப் பார்த்து, "சார், வாங்க! உங்களுக்கும் சேத்துத்தான் புடிச்சிருக்கேன்!" என்று கூவினார்.

எனக்குப் பின்னால் நின்ற பெண் கேட்டார்: "அப்ப லைனு எங்களுக்கு மட்டுந்தானுங்களா சார்?"

செல்வராஜ் எனக்கென்று பிடித்த இடத்தில் அந்தப் பெண்ணை உட்காரச் சொல்லிவிட்டு நான் நின்றுகொண்டேன்.

பஸ் ஹாலிஎல ஊரைத் தாண்டியதும் செல்வராஜ் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "வரிசையில நின்னு ஏறுறதுதாம்மா மரியாதை."

"ஆமாங்க, சார் நின்னு வர்றாரே, பாக்குறேன்ல" என்றார் அந்தப் பெண்.

இப்படிப்பட்ட நண்பரை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். நான் நாளையும் வரிசையில்தான் நிற்பேன். செல்வராஜை எனக்கு முன்னால் நிறுத்தி, அவருடைய கைக்குட்டையை என் பையில் வாங்கி வைத்துக்கொள்வேன்.