நர்மதா சீட்டுப் போடக் கற்றுக்கொண்டது

விம்கோ நகரில் தையல் கடை வைத்திருக்கிறேன். பெயர் ஃபரா. ஐந்து வேளை தொழுகிற எனக்குப் பிளாக்ஜாக் என்கிற சூதாட்டம் தலைகீழ்ப் பாடம் என்று தெரிந்தால் என் மாமியார் என்னைத் தெருவில் நிறுத்திவிடுவார். நிறுத்தட்டும். நான் கற்றது ஆடுவதற்கு இல்லை, நர்மதாவுக்காக.

நர்மதா என் கடை வாசலில் மீன் விற்பவள். அம்மா அங்கம்மா செதில் தேய்ப்பார், இவள் எடை போடுவாள். பி.காம். படித்தவள். கட்டியவன் காசிமேட்டில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அந்தக் கழிசடையைப் பற்றி இதற்கு மேல் பேசினால் என் வாய்தான் நாறும். ஆற்றில் எண்ணெய் மிதந்த வருடத்திலிருந்து வியாபாரமும் படுத்துவிட்டது. “எண்ணூர் மீனா?” என்று கேட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். எண்ணெயைக் கொட்டியது இவளா?

ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் ஒரு மாடியில் ஞானதுரை என்பவர் கப்பல் வேலைக்குப் பயிற்சி கொடுப்பதை யாரோ சொல்ல, போய்ச் சேர்ந்தாள். உல்லாசக் கப்பல்களில் சூதாட்ட மேசைக்குப் பின்னால் நின்று சீட்டுப் போடும் வேலை. எடுத்துக்கொண்டால் ஒன்பது மாதம் கடல், டாலரில் சம்பளம். முப்பது வயது முடிந்துவிட்டால் எடுக்கமாட்டார்கள். சேர்ந்தபோது அவளுக்கு முப்பது முடிய நாலு மாதம்தான் மிச்சம். கம்பெனிக்காரர்கள் ஆள் எடுக்க வருவது அதற்குள் ஒரே ஒரு முறை. விட்டால் ஆயுளுக்கும் மீன்கூடைதான்.

“எதிர்ல ஒக்காந்து ஆடறதுக்கு ஆளு வேணும்மே” என்று என்னிடம் வந்தாள்.

“சூதாட்டம் ஹராம்டி. என்னை நரகத்துக்கு அனுப்பப் பாக்கறியா?”

“காசு வச்சாத்தான சூதாட்டம்? ஒங்கடையில பொத்தான் கீதுல்ல, அத்த வச்சி ஆடு.”

பொத்தான் ஹராம் இல்லை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, துணி வெட்டும் மேசையைக் காலி செய்தேன். மதியம் வியாபாரம் ஓய்ந்ததும் உட்காருவோம். கணக்கு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. சீட்டுகளைக் கூட்டி இருபத்தொன்றுக்குப் பக்கத்தில் போக வேண்டும், தாண்டினால் அந்த நிமிடமே காலி. ராஜா, ராணி, ஜாக்கி எல்லாம் பத்து. ஆஸ் ஒன்றாகவும் இருக்கும், பதினொன்றாகவும் இருக்கும். சீட்டுப் போடுகிறவள் ஒரு சீட்டைத் திறந்து வைப்பாள், ஒன்றை மூடி வைப்பாள். பதினாறு வரை அவள் எடுத்தே ஆகவேண்டும், பதினேழில் நின்றே ஆகவேண்டும். அவள் இஷ்டம் என்று எதுவும் கிடையாது.

ஆடுகிறவருக்குத்தான் யோசனை. அதற்கும் ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. உன் கையில் பதிமூன்று முதல் பதினாறு இருந்து, அவள் திறந்து வைத்தது ஆறோ அதற்குக் கீழோ என்றால் வாயை மூடிக்கொண்டு இரு. ஏழு அல்லது அதற்கு மேல் என்றால் பயப்படாமல் இன்னொன்று கேள். இரண்டு எட்டு வந்தால் இரண்டு தனி ஆட்டமாகப் பிரித்து ஆடு, இரண்டு பத்தைப் பிரிக்காதே.

“இப்டியே தப்பில்லாம ஆடினா ஜெயிச்சிரலாமா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“இல்லமே. அப்பவும் தோப்ப. இன்னா, கொஞ்சம் மெதுவா தோப்ப.”

“அடிப்பாவி, அப்பறம் எதுக்கு இவ்ளோ பேஜாரு?”

“நான் ஆடப் போலியே. போடற பக்கம்தான நிக்கப் போறேன்?” என்றாள். வாழ்க்கையில் ஒரு தடவையாவது அந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. அது பேராசையா, நீங்களே சொல்லுங்கள்.

சீட்டைவிட ஞானதுரை அதிகமாகப் போட்டு வாட்டியது கைகளைப் பற்றித்தான். கை எப்போதும் மேசைமேல். மூக்கு அரித்தாலும் முதலில் இரண்டு உள்ளங்கையையும் விரித்து மேலே இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும், அப்புறம்தான் மூக்கு. இல்லாவிட்டால் காசுக்குப் பதில் வைத்து ஆடும் சில்லை ஒளித்தாய் என்று அர்த்தம். நர்மதா மீன் விற்கும்போதுகூட உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டு வியர்வையைத் துடைப்பாள். அங்கம்மா தலையில் அடித்துக்கொள்வார். பொத்தானை வைத்து நாங்கள் ஆடிய அத்தனை ஆட்டத்திலும் அவள் கை ஒருமுறைகூடத் தவறவில்லை. என் தலைமேல் சத்தியம்.

தேர்வு அன்று காலையில் என்னையும் ராயபுரத்துக்கு அழைத்துப் போனாள். எதிரில் ஆட ஆளைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். பச்சைத் துணி விரித்த மேசை. கம்பெனிக்காரர் ஒருவரும் ஒரு பெண்ணும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். பொத்தானுக்குப் பதில் இப்போது நிஜமான சில்லு, கையில் எடுத்தால் கனமாக ஐந்து ரூபாய் நாணயம் போல இருந்தது.

நர்மதா சீட்டைப் போட்டாள். என்ன அழகு! எனக்குப் பதினாறு. அவள் திறந்தது ஏழு. வாய்ப்பாட்டின்படி இன்னொன்று கேட்டேன். ஒன்பது விழுந்தது, நான் காலி. என் சில்லை வழித்து எடுத்தாள். எடுத்தவள் அதைத் தூக்கி இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டுவிட்டு, அப்புறம் தட்டில் வைத்தாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மீன்காரி வீட்டில் பிறந்தவள். அன்றைய முதல் போணிக் காசைக் கண்ணில் ஒற்றாமல் மடியில் போடமாட்டார்கள். ஜீபே வந்த பிறகும் அங்கம்மா முதல் ஆளிடம் மட்டும் நோட்டாகத்தான் கேட்பார். பொத்தானை எவள் கண்ணில் ஒற்றுவாள்? இது சில்லு, காலை நேரம், முதல் வரவு. கை தானாகப் போய்விட்டது.

அவள் தொடர்ந்து போட்டாள், ஒரு பிசகில்லாமல், சிரித்த முகத்தோடு. கம்பெனிப் பெண் ஏதோ எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள். முடிந்ததும் நர்மதாவை வெளியே உட்காரச் சொன்னார்கள்; என் காதுபட ஞானதுரை அவர்களிடம் கெஞ்சினார். அது இந்தப் பக்கத்து வழக்கம், திருட்டு இல்லை என்றார். “கேமரா பார்க்கிறவனுக்கு யார் போய் விளக்குவது?” என்று அந்த ஆள் கேட்டார். நர்மதாவிடம் வேண்டாம் என்று மட்டும் சொன்னார்கள்.

திரும்பும் ரயிலில் தண்டையார்பேட்டை தாண்டியதும் கேட்டாள்.

“எல்லாம் சரியாத்தானமே போட்டேன்? ஏன் வேணாம்னாங்க?”

அவளுக்குத் தெரியவே இல்லை. மறைத்துவிடலாமா என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை, சொல்லிவிட்டேன்.

“நானா? கண்லயா?”

“ரெண்டு கண்லயும்டி.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அஞ்சு வயசுல அம்மா சொல்லிக் குடுத்தது, ஃபரா. என் கையப் புட்ச்சி, காச வச்சி, ஒத்திக்கோ கண்ணுன்னு. அதுகிட்ட போயி இத்த எப்டிமே சொல்லுவேன்?” திருவொற்றியூர் தாண்டியதும் அவளே பதிலும் சொன்னாள். “வயசு ஆய்ப்போச்சுன்னு சொல்லிட்டாங்கன்னு சொல்றேன். நீயும் அத்தயே சொல்லு.”

சொன்னேன். அங்கம்மா நம்பிவிட்டார். வாரம் முழுக்க என் கடை வாசலில் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதே பேச்சு: “எம்பொண்ணப் பாத்தா வயசான மாறியா கீது? இன்னும் ஒரு மாசம் கீதே, அதுக்குள்ள இன்னா கொள்ள போய்டும்? அந்தப் பாவிங்க நல்லா இருப்பாங்களா?” நர்மதா நிமிராமல் மீனை வெட்டிக்கொண்டிருந்தாள். நான் தைக்க ஒன்றும் இல்லாதபோதும் மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.