சாய்த்துப் பார்ப்பவர்

"நாப்பது. எழுதாதீங்க சார், இருங்க. இன்னும் ஓடட்டும்."

தட்டை இரண்டு கையாலும் பிடித்து வெளிச்சப் பெட்டிக்கு மேலே சாய்க்கிறார். உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு சின்னக் குழிகள். சில குழிகளின் அடியில் குண்டூசித் தலை அளவுக்குச் சிவப்புப் பொட்டு. சாய்த்ததும் அந்தப் பொட்டு மெல்ல இளகிக் கண்ணீர் மாதிரி வழிகிறது. மற்றவற்றில் சிவப்பு அடி முழுக்கப் படர்ந்து கிடக்கிறது, அசைவதாயில்லை. அவர் மூச்சை அடக்கி மனசுக்குள் எண்ணுகிறார். ஒரு குழியைப் பார்த்து, "ஏன்டா நிக்கிற, ஓடேன்" என்று அதட்டுகிறார். பிறகுதான் என் பக்கம் தலையசைக்கிறார். "ம், நாப்பதேதான். இப்ப எழுதுங்க."

எழுதுகிறேன். பதினோரு வருஷமாக என் உத்தியோகம் இதுதான்: அவர் சொல்லச் சொல்ல எழுதுவது. ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்குப் பெயர் 'தட்டக்கா'. என்னைவிட ஆறு வயது இளையவர், ஆனாலும் எனக்கும் அக்காதான். தலைமை மருத்துவருக்கே அக்கா என்றால் நான் எந்த மூலை?

இங்கே நடப்பது ஃப்ளூ காய்ச்சலுக்கான தடுப்பூசி ஆராய்ச்சி. ஊசி போடுவதற்கு முன்னால் ஒரு முறை, இருபத்தெட்டு நாள் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுப்பார்கள். அதிலிருந்து பிரித்த தெளிநீரைக் குழிக்குக் குழி பாதி பாதியாக நீர்க்கச் செய்துகொண்டே போய், அதில் வைரஸைச் சேர்த்து, கடைசியாகக் கோழியின் சிவப்பணுக்களை விடுவார்கள். அந்த ஆளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருந்தால் அது வைரஸைக் கட்டிப்போட்டுவிடும். அணுக்கள் நிம்மதியாக இறங்கிப் பொட்டாக உட்காரும். இல்லாவிட்டால் வைரஸ் அணுக்களைப் பிடித்து வலை பின்னிவிடும். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் பொட்டு வழிகிறதோ, அதுதான் எண். நாற்பது என்றால் மூச்சு விடலாம். பத்துகூட இல்லையென்றால், ஊசி குத்தியும் உடம்பு காதில் போட்டுக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

தட்டு படிக்கிற நாட்களில் அக்கா வீட்டுக்காரரோடு சண்டை போடுவதில்லை. சண்டையை மறுநாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வருவாராம். "கோவத்தோட வந்து உக்காந்தா எல்லாருக்கும் பத்துன்னுதான் சார் தோணும். அவங்க என்ன பாவம் பண்ணாங்க?" சந்தோஷமாகவும் வரமாட்டார். மகளுக்கு வேலை கிடைத்த மறுநாள் காலையில் தட்டைத் தொடவே மறுத்து, மத்தியானம் வரைக்கும் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை.

இன்னொன்று, எண்கள். ஒரு தடவை கண்ணில் பட்ட எண் அவருக்கு மறக்காது. எப்போதோ ஏறிய பேருந்தின் எண், கடைக்காரரின் பழைய தொலைபேசி எண், எல்லாம் அப்படியே இருக்கும். "வரம்னு நெனைக்காதீங்க சார். இது ஒரு வியாதி."

ஒருநாள் ஒரு முதியவரின் தட்டு வந்தது. எண்பது தாண்டியவர், ரத்தம் கொடுக்க வந்த அன்று கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டே கட்டடம் முழுக்கத் தேடியவர். அவர் சிறுவனாக இருந்தபோது உலவிய ஒரு பழைய வைரஸை வைத்துச் சோதித்தோம். பொட்டு வழிந்துகொண்டே போனது. நூற்றறுபது, முந்நூற்றிருபது, அறுநூற்று நாற்பது. அக்கா தட்டைக் கீழே வைத்துவிட்டார். "கண்ணாடி எங்கேன்னு தெரியல மனுஷனுக்கு. ஆறு வயசுல வந்த காய்ச்சலை உடம்பு மறக்கல பாருங்க! யாரு சார் உள்ள உக்காந்து கணக்கு வெக்கிறது?" அவர் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும்தான்.

இந்த வருஷத்து ஆராய்ச்சி வேறு மாதிரி. மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் நானூறு பேர். பாதிப் பேருக்கு வழக்கமான அளவு ஊசி, பாதிப் பேருக்கு இரட்டிப்பு. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. தனி ஆளின் முடிவை ஆராய்ச்சி முடியும்வரை யாருக்கும் சொல்லவும் கூடாது. அந்த நானூறு பேரில் அக்காவின் தம்பியும் ஒருவர். அவர் உடம்பில் வேலை செய்கிற சிறுநீரகம் அக்கா கொடுத்தது.

"என் கிட்னி அவன்கிட்ட ஒழுங்கா இருக்கணும்னா அவன் உடம்பு கொஞ்சம் மக்கா இருக்கணும் சார். அதுக்குத்தான் தெனமும் மாத்திரை. ஆனா மக்கா இருந்தா ஃப்ளூ வந்து புகுந்துக்கும். நான் என்னதான் பண்றது?" போன குளிர்காலத்தில் அப்படித்தான் புகுந்தது. ஒன்பது நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். அந்த ஒன்பது நாளும் அக்கா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு தடவை வந்தால் தாங்கமாட்டார் என்று மருத்துவர்கள் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்கள்.

தம்பி ஒரு கலகலப்புப் பேர்வழி. இருபத்தெட்டாம் நாள் ரத்தம் கொடுத்ததும், குழாயைக் கையில் பிடித்துப் பல்லெல்லாம் தெரிய ஒரு படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பிவிட்டார். 'அக்கா, நம்ம ரத்தம்!' குழாயில் ஒட்டியிருந்த எண் பளிச்சென்று தெரிந்தது. அக்கா போனிலேயே அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டார். "அறிவு இருக்காடா உனக்கு? நம்பரோடவா அனுப்புவே?" படத்தை அழித்தார். கண்ணில் பட்டதை எப்படி அழிப்பது? அன்றைக்கே தலைமை மருத்துவரிடம் போய்ச் சொன்னார். அந்த எண் வரும்போது என்னைக் கூப்பிடுங்கள், நானே படிக்கிறேன் என்றார் அவர்.

போன வாரம் வந்தது. ஒன்பதாவது தட்டு. வழக்கம்போலத் தட்டின் ஓரத்தில் இருந்த எண்ணை வாசிக்க ஆரம்பித்த அக்கா பாதியில் நிறுத்தினார். கையில் இருந்த தட்டை மேஜையில் வைத்து, ஒரு வெள்ளைத் தாளை அதன்மேல் போட்டு மூடினார். "டாக்டரைக் கூப்பிடுங்க சார்."

தலைமை மருத்துவர் மூன்றாவது மாடியில் கூட்டத்தில் இருந்தார். அவர் போன் மேஜை இழுப்பறையில் கிடந்து அலறியது. கூட்ட அறைக்கு ஆள் அனுப்பினேன். எங்கள் கூடத்தில் தட்டு படிக்கப் பழகியவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒவ்வொரு தட்டுக்கும் படிக்க ஒரு நேரம் உண்டு. அது தப்பினால் பொட்டு கலைந்து போகும், பிறகு எதையும் நம்ப முடியாது. கடிகாரத்தைப் பார்த்தேன், பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. மறுபடி செய்யவும் வழியில்லை. தம்பியின் கையில் நரம்பு கிடைக்காமல் நாலு இடத்தில் குத்தி எடுத்த ரத்தம், ஒரு சோதனைக்குத்தான் தேறியது.

அக்கா முட்டிமேல் கையை ஊன்றி உட்கார்ந்திருந்தார். தாளுக்கு அடியில் தம்பியின் குளிர்காலம் இருக்கிறது. கொஞ்சம் தூக்கிச் சாய்த்தால் தெரிந்துவிடும். மீதி நேரம் பத்து நிமிஷம் ஆனது, எட்டு ஆனது.

"அக்கா, நீங்களே பாத்துடுங்களேன். வீணாப் போயிடும்."

"வேணாம் சார்."

"நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

"பொய் சொல்ல மாட்டேன். ஆனா இருபதா நாப்பதான்னு ஒரு சந்தேகம் வந்தா நாப்பதுன்னுதான் எனக்குத் தெரியும். என் கண்ணைப் பத்தி எனக்குத் தெரியாதா?" முட்டியிலிருந்து கையை எடுக்கவில்லை. "மீதி முன்னூத்துத் தொண்ணூத்தொம்பது பேருக்கும் அக்கா தங்கச்சி இருக்காங்க சார். அவங்க எல்லாம் இங்க வந்து உக்காந்து படிக்க முடியுமா?"

பதினோரு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து எண் எழுதியிருக்கிறேன். ஒரு மனுஷியை இவ்வளவு பெரிதாக அன்றைக்குத்தான் பார்த்தேன். எழுந்து நிற்க வேண்டும் போல இருந்தது.

நாலு நிமிஷம் இருக்கும்போது தலைமை மருத்துவர் மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி, மூச்சு வாங்க உள்ளே வந்தார். அவரைக் கண்டதும் அக்கா எழுந்து மூலையில் இருக்கும் தொட்டிக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, குழாயை முழுசாகத் திறந்துவிட்டார். தண்ணீர்ச் சத்தம் அறை முழுக்க நிறைந்தது. மருத்துவர் தாளை எடுத்தார், தட்டைச் சாய்த்தார், குனிந்து என் காதருகே எண்ணைச் சொன்னார். எழுதினேன். என்ன எழுதினேன் என்று உங்களுக்கும் சொல்வதற்கில்லை. ஆராய்ச்சி முடிய இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. மருத்துவர் அந்தப் பக்கத்தைக் கிழித்து உறையில் போட்டு ஒட்டி எடுத்துக்கொண்டு போனார்.

குழாய் நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு அக்கா திரும்பி வரும் சத்தம் கேட்டது. முகத்தை ஏதோ ஒரு மாதிரி சாதாரணமாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்; எனக்கு அது வரவே வராது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணைச் சுவரில் வைத்தபடியே நடந்து வந்து, அலமாரியைத் திறந்து, பெட்டியிலிருந்து ஒரு முகக்கவசத்தை உருவி, என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார்.

"கண்ணு வரைக்கும் ஏத்திப் போட்டுக்கங்க சார். இன்னும் பதினோரு தட்டு இருக்கு."