ஞானசெல்வி ஒட்டிய இரண்டு வளையங்கள்

பிரிண்டரிலிருந்து தாள் முழுதாக வெளியே வருவதற்குள் ஞானசெல்வியின் கைக்குக் கத்தரிக்கோல் வந்துவிடும். ஹால் டிக்கெட்டோ கல்யாணப் பத்திரிகையோ, ஓரத்து வெள்ளையை வெட்டாமல் கொடுக்க மாட்டாள். "சும்மா கெடக்குற ஓரம் எனக்குக் கண்ணை உறுத்தும் டீச்சர்" என்பாள்.

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்மாடியில் நான்கு கம்ப்யூட்டர்களோடு பிரவுசிங் சென்டர் நடத்துகிறாள். பன்னிரண்டாவது வரை படிப்பு. மவுஸ் மக்கர் செய்தால் கவிழ்த்து, அடியிலுள்ள உருண்டையை எடுத்துத் துடைத்து மாட்டுவாள். சாட்டிங்கில் மூழ்கிய கல்லூரிப் பையன்களை, "ஏலே, அந்தப் புள்ளைக்கும் வீட்டுல வேலை இருக்கும்ல, எந்திரி" என்று கிளப்பிவிடுவாள்.

போன வருடம் என் சனிக்கிழமைகளெல்லாம் அங்கேதான் கழிந்தன. கல்லூரியில் தாவரவியல் நடத்திக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துவந்தேன். இரண்டு பாக்டீரியாக்களில் மரபணுக்கள் எந்த வரிசையில் நிற்கின்றன என்று ஒப்பிட்டு, வண்ணக் கட்டங்களாகப் படம் போட்டுக் காட்டும் இணையதளம் ஒன்று உண்டு. படம் வந்து சேர ஒரு மணி நேரமாகும். அதுவரை யாரும் வயரை மிதித்துவிடாமல் ஞானசெல்வி காவல் இருப்பாள்.

ஒருநாள் வந்த படத்தில், ஒரு பாக்டீரியாவில் வரிசையின் முன்னால் நின்ற மரபணுக் கூட்டம் மற்றதில் அப்படியே கடைசிக்குப் போயிருந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரிய கண்டுபிடிப்பு! அதை வைத்தே ஓர் அத்தியாயம் எழுதிவிட்டேன். திங்கட்கிழமை ஆய்வு வழிகாட்டியிடம் கொடுக்க வேண்டும். படத்தை மட்டும் பிரிண்ட் எடுக்கப் போனேன்.

ஓரம் வெட்டியவள் படத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"பாக்டீரியாவுக்கு இந்த மரபணு வரிசை வட்டமா இருக்கும்னு நீங்கதான டீச்சர் சொன்னீக?"

"ஆமா."

"பெறகு எதுக்கு நீட்டிப் போட்டிருக்காக?"

நான் தடுப்பதற்குள் இரண்டு வரிசைகளையும் தனித்தனிப் பட்டையாக வெட்டி, முனைகளை செல்லோ டேப்பால் ஒட்டி, இரண்டு வளையங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினாள். மேலே இருந்ததை மெல்லத் திருப்பினாள். நிறத்துக்கு நேராக நிறம் வந்து நின்றது.

"எதுவும் எங்கனயும் போகல டீச்சர். ரெண்டையும் வேற வேற எடத்துல ஆரம்பிச்சிருக்கீக."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வட்டத்தை எங்கே பிரித்து நீட்டுவது என்று பார்க்காமலே இரண்டையும் தளத்தில் ஏற்றியிருக்கிறேன். ஆரம்பத்தைச் சரிசெய்து அன்றே மறுபடி ஏற்றினோம். கண்டுபிடிப்பு காணாமல் போனது. ஞாயிறு முழுக்க உட்கார்ந்து அத்தியாயத்தைத் திருத்தினேன்.

வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, "இரண்டையும் எங்கிருந்து எண்ணத் தொடங்கினீர்கள்?" என்பதுதான். நிதானமாகப் பதில் சொன்னேன். ஞானசெல்வி இல்லாவிட்டால் அந்தச் சபையில் என் மானம் கப்பலேறியிருக்கும். அவளுக்கு எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும்.

பட்டம் கிடைத்ததும் ஆய்வேட்டை எடுத்துக்கொண்டு போய் நன்றிப் பக்கத்தைக் காட்டினேன். வழிகாட்டிக்கு அடுத்த வரியில் அவள் பெயர். விரல் வைத்து இரண்டு தடவை படித்தாள். மேசைப் பேனாவை எடுத்து, தன் பெயருக்கு முன்னால், இருதயம் என்ற தகப்பனார் பெயரின் முதலெழுத்தை அழுத்தி எழுதி, பக்கத்தில் புள்ளியும் வைத்தாள்.