அக்கா ஒதுங்கிய நாட்கள்

அந்தக் குடிசைக்குக் கதவு கிடையாது. ஒரு சாக்குதான் தொங்கும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே இரண்டு பேர் காலை நீட்டலாம், மூன்றாவது ஆள் வந்தால் மடக்கிக்கொள்ள வேண்டும். மாதவிலக்கானால் பெண்கள் வீட்டை விட்டு அங்கே போய் இருக்க வேண்டும் என்பது அப்போது எங்கள் மலை ஊரில் கட்டு. வீட்டுக்குத் தூரம் என்று சொல்வோம். தூரமானவள் அடுப்பைத் தொடக் கூடாது, தண்ணீர்க் குடத்தைத் தொடக் கூடாது, சாமை நிலத்தில் கால் வைக்கக் கூடாது. சோற்றை யாராவது கொண்டுவந்து தள்ளி வைத்துவிட்டுப் போவார்கள். மழை பெய்தால் ஒழுகும். பாம்பும் வந்திருக்கிறது. அதை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. இப்போது அது இடிந்து, அந்த இடத்தில் யாரோ வைக்கோல் போர் போட்டிருக்கிறார்கள். இடிந்தது நல்லதுதான்.

அது இப்போது நினைவுக்கு வந்தது என் மருமகளால். அவள் மலைக்குக் கீழே ஒடுகத்தூர்க்காரி. கையில் போனை வைத்துக்கொண்டு சொன்னாள். "அத்த, ஞாயித்துக்கெழம நீங்க ஒரு வேலயும் செய்யாதீங்க. தலைக்கு எண்ண வெச்சி குளிங்க. புடிச்சத சாப்புட்டு தூங்குங்க. மாசத்துல ஒரு நாளாவது ஒடம்பப் பாத்துக்கணுமாம்." சரி என்றேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு நாள் முழுக்க வீட்டில் சும்மா இருப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. அப்படி நாள் குறித்து ஓய்வெடுத்த ஒருத்தியைத்தான் நான் என் வாழ்க்கையில் பார்த்திருக்கிறேன். அவள் என் ஓரகத்தி. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரே வீட்டில் நாங்கள் இரண்டு மருமகள்கள். விடியும் முன்னே ஓடைக்குப் போய்த் தண்ணீர். அப்புறம் சாமை குத்துவது, களி கிளறுவது, களை எடுப்பது, விறகு. புளிக் காலம் வந்தால் ஓடு தட்டித் தட்டி விரல் நகம் கறுத்துப் போகும். எங்கள் மாமியார் கெட்டவள் இல்லை. ஆனால் நின்ற இடத்தில் ஒருத்தி நிற்கிறாள் என்றால் அவளுக்குப் பொறுக்காது. "கை சும்மாத்தான கீது?" என்பாள். காய்ச்சல் என்றால் கஷாயம் கொடுத்து எழுப்பிவிடுவாள். தூரம் என்றால் மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். அது சாமி விஷயம்.

ஒரு தடவை எனக்கும் அக்காவுக்கும் ஒன்றாகவே நாள் வந்தது. குடிசைக்குள் போனதும் அக்கா துணி மூட்டையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து ஆமணக்கெண்ணெய்ப் புட்டி வந்தது. தூரமானவள் தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. அக்கா வைத்தாள். சீப்பு எடுத்தாள். பாதத்தில் வெடிப்பு தேய்க்க ஒரு சொரசொரப்பான கல். வறுத்த வேர்க்கடலை, ஒரு துண்டு வெல்லம். ஒவ்வொன்றையும் பாயில் வரிசையாக வைத்தாள், கடை போடுகிற மாதிரி. காலையில் எண்ணெய், வெயில் ஏறும் வரை ஊற விடுவது, அப்புறம் கால், அப்புறம் தூக்கம். தூங்கி எழுந்தால் கடலை. எல்லாம் முன்னமே யோசித்து வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். நான் ஓடையில் துணி அலசப் போனபோது அவள் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அலச அவளிடம் துணியே இல்லை.

நான் பார்ப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி மொறைக்கற?"

"அக்கா, உனக்கு..."

"நின்னு போயி வருசம் ஆவுது. இன்னா இப்ப? ஊருக்குத் தண்டோரா போடப் போறியா?"

"சாமி குத்தம் ஆயிடும்கா."

"சாமிக்கு முதுகு வலிச்சா தெரியும். அது கோச்சிக்கினா நான் பேசிக்கறேன். நீ தள்ளிப் படு, எனக்கு கால நீட்டணும்."

அவ்வளவுதான். படுத்துத் தூங்கிவிட்டாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் அந்த வீட்டுக்குள் பார்த்ததில்லை. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியில் சுருக்கமே இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் ஊரில் நின்று போவது ஒரு மரியாதை. திருவிழாவில் கோயில் பானையை அப்படிப்பட்ட ஒரு பெண்தான் தலையில் தூக்க வேண்டும். தூக்கினவளை ஊரே கும்பிடும். அவள் சொல்லுக்கு வீட்டில் மதிப்பு வரும். தூக்கிக்கொண்டிருந்த கிழவி இறந்து போனதும், அடுத்தது எங்கள் வீடு என்று மாமியார் முடிவு செய்துவிட்டாள். அக்காவைத்தான் நினைத்திருந்தாள். அதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. புளி தட்டிக்கொண்டிருந்த நாள் அது. களத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள்.

"ஏம்மே, உனக்கு இன்னுமா நிக்கல?" என்று மாமியார் எல்லார் எதிரிலும் கேட்டாள்.

அக்கா தலை தூக்கவில்லை. புளியங்கொட்டையை எடுத்து இந்தப் பக்கம் போட்டாள்.

"நிக்கல அத்த."

"பேரன் எடுத்துட்ட. இன்னும் கொமரி மாதிரி ஒதுங்கிக்கினு கீற."

பக்கத்து வீட்டுக்காரி, "வுடு பெரியம்மா, இன்னொரு புள்ள பெத்துக்குவாளோ இன்னாவோ" என்றாள். களம் முழுக்கச் சிரித்தது. நான் அக்காவையே பார்த்தேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பானை அவளுக்கு. ஊர் அவள் காலில் விழும். ஆனால் அடுத்த மாதத்தில் இருந்து அவளுக்குக் குடிசை கிடையாது. அந்த எண்ணெய் கிடையாது, அந்தத் தூக்கம் கிடையாது. அக்கா எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள். "பெத்தா உன் வூட்லதான் வுடுவேன், நீதான் வளக்கணும்" என்றாள். அந்த வருடம் பானையைத் தூக்கியது அந்தப் பக்கத்து வீட்டுக்காரிதான். அக்காவைவிடச் சின்னவள். அக்காவும் ஓரமாக நின்று அவளைக் கும்பிட்டாள். மாமியார் அன்று வீட்டில் சாப்பிடவில்லை.

அப்புறமும் அக்கா ரொம்ப நாள் தூரமாகிக்கொண்டே இருந்தாள். மாமியார் இறந்த பிறகுதான் விட்டாள். எனக்கு நின்றபோது நான் உடனே சொல்லிவிட்டேன். பொய் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பானையும் தூக்கினேன். கும்பிட்டார்கள். மறுநாள் விடியும் முன்னே தண்ணீருக்குப் போனேன். அதன் பிறகு எனக்கு விடுப்பு என்று ஒன்று இல்லை. இப்போது குழாய் வந்துவிட்டது, மாவு மிஷின் வந்துவிட்டது. இருந்தும் கை தானாக எதையோ தேடிப் போகிறது.

அக்காவுக்குக் கடைசியில் உடம்பு முடியாமல் போனபோது கீழே ஒடுகத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். நானும் இருந்தேன், அவள் வீட்டுக்காரரும் இருந்தார். நர்ஸ் பெண் எழுதிக்கொண்டே கேட்டாள். "பாட்டி, உங்களுக்கு எப்போ நின்னுச்சி?" அக்கா புருஷனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அந்த வலியிலும் அவளுக்குச் சிரிப்பு.

"அவர வெளிய போகச் சொல்லு, சொல்றேன்."

அவர் போகவில்லை. "இங்கயே சொல்லு. எனக்குத் தெரியாதா? ஆரம்பத்துலயே தெரியும். தூங்கட்டும்னு வுட்டுட்டேன்" என்றார்.

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரம் நனைந்திருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. அவர் நல்ல மனிதர். அவ்வளவு தெரிந்தவர் ஒரு நாள் அவளுக்குப் பதிலாக ஒரு குடம் தண்ணீர் எடுத்து வந்திருக்கலாம். அதை நான் அவரிடம் கேட்கவில்லை. அந்த மழைக்காலம் முடிவதற்குள் அக்கா போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் தினம் சாயங்காலம் மகன் மாட்டைக் கட்டிவிட்டு வந்தான். அவனிடம் சொன்னேன், நாளைக்கு நான் வேலை செய்ய மாட்டேன் என்று.

"இன்னாம்மா, ஒடம்பு சரியில்லியா? ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவட்டுமா?"

முதுகு வலி என்று சொல்ல வாய் வந்தது. தலை சுற்றுகிறது என்று சொன்னாலும் நம்புவான். ஒரு சாக்கு இல்லாமல் படுத்தவளை நான் பார்த்ததே இல்லை.

"ஒடம்பு நல்லாத்தான் கீது. நாளைக்கு சும்மா இருக்கப் போறேன்."

"சும்மாவா?"

"சும்மாத்தான்."

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் போனில் இருந்து தலையைத் தூக்கவில்லை, ஆனால் சிரிப்பது தெரிந்தது. அவன் தலையைச் சொறிந்தான்.

"அப்போ காலைல மாட்ட யாரு ஓட்டறது?"

"நீதான்" என்றேன்.