வெங்காயக் காட்டில் உடைந்த ஜாயின்ட்

மதி, இளங்கோ, குன்னம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் நான் ஜன்னல் வழியாக ஒரு காட்டைக் காட்டி, "அதுதான் தனக்கொடி அத்தை காடு" என்று சொல்வதும், நீங்கள் இரண்டு பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பதும் எனக்குத் தெரியும். அவர் நமக்குச் சொந்தமில்லை. என் ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேர் பார்க்க வண்டி விடுகிறவர், அவ்வளவுதான். ஆனாலும் ஏன் காட்டுகிறேன் என்பதை எழுதிவைக்கிறேன். எட்டாவதோடு நின்றவன் எழுதுவது. எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். நடந்ததில் பிழை இருக்காது.

1. வந்த போன்

ஐப்பசி மாதம். பல நாள் மழை பெய்து, இரண்டு நாள் வெயில் அடித்திருந்தது. நம் பக்கத்துக் கரிசலைப் பற்றி உங்களுக்கே தெரியும். ஈரமாக இருந்தால் வண்டியை விழுங்கும், காய்ந்தால் கல். நடுவில் கிடைக்கிற பதத்தில்தான் உழ முடியும். அன்று பெரம்பலூர் முழுக்க எல்லா வண்டியும் காட்டில்தான் நின்றது.

காலையில் கடையைத் திறந்துகொண்டிருக்கும்போது தனக்கொடி பேசினார்.

"அண்ணே, ஷாஃப்ட் ஜாயின்ட் போயிடுச்சு. கிராஸ் ஒரு கால் உடைஞ்சிருக்கு. யோக்கு ரெண்டையும் தொடச்சுப் பாத்துட்டேன், கீறல் இல்ல. கிராஸ் மட்டும் வாங்கிட்டு வாங்க."

"எப்படி உடைஞ்சுது?"

"பழைய வரப்புக்கல்லு ஒண்ணு மண்ணுக்குள்ள கெடந்திருக்கு. உழுவுற பிளேடு அதுல மாட்டிச்சு. டக்குனு ஒரு சத்தம் மாறுச்சு, கிளச்ச மிதிச்சுட்டேன். அதுக்குள்ள கவர ஒடைச்சுப் போட்டுருச்சு."

என்னிடம் போன் செய்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர், "மேஸ்திரி, வண்டி ஓடல, வாங்க" என்பார்கள். போய்ப் பார்த்தால் டீசல் இருக்காது. இவர் சொன்னதைக் கேட்டே என்ன சாமான் எடுத்துப் போகவேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஸ்பேர்ஸ் கடையில் கிராஸ் வாங்கிக்கொண்டு மொபட்டை விட்டேன்.

2. காட்டில்

தனக்கொடியின் வீட்டுக்காரர் வெளிநாட்டில் டிரைவர். இங்கே மினி டிராக்டரை ஓட்டுவது இவர்தான். சீலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு. கொழுந்தன் ராசேந்திரன் கூடமாட இருப்பார், வாய் கொஞ்சம் நீளம்.

நான் போனபோது வரப்பில் தார்ப்பாய் விரித்து விதை வெங்காயத்தைக் குவித்திருந்தார்கள். மாதக்கணக்கில் படல் கட்டிய வெங்காயப் பட்டறையில் காற்றாடச் சேமித்து வைத்திருந்தது. நடவுக்கென்று எடுத்து, தாளும் வேரும் அறுத்தாகிவிட்டது. அறுத்த வெங்காயத்தைத் திரும்பப் பட்டறையில் போட முடியாது. ஈரக்காற்றில் நாலு நாள் கிடந்தால் அழுகும். நடவுக்கு வந்த பெண்கள் தார்ப்பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கிழக்கே மேகம் கட்டியிருந்தது. மழை விழுந்தால் வண்டி ஒரு வாரத்துக்கு இறங்காது. வெங்காயம் அவ்வளவும் குப்பைக்குத்தான்.

"வாங்க மேஸ்திரி, உங்களுக்குத்தான் மேகம் காத்துக்கிட்டு நிக்கிது" என்றார் பாப்பாத்தி அக்கா. நடவு ஆட்களைக் கூட்டிவருகிறவர் அவர்.

இளங்கோ, உனக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். டிராக்டர் பின்னால் சுற்றுகிற முனையிலிருந்து, மண்ணைக் கிளறி உழுகிற ரோட்டவேட்டருக்குச் சுற்றைக் கொண்டுபோவது ஷாஃப்ட். ரோட்டவேட்டர் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும். நேர்க்கம்பியாக இருந்தால் முறிந்துவிடும். அதற்காகத்தான் இரண்டு முனையிலும் ஜாயின்ட். நம் மணிக்கட்டு மாதிரி, மடங்கிக்கொண்டே சுற்றும். அதன் நடுவில் கூட்டல் குறி போல ஓர் இரும்பு இருக்கிறதே, அதுதான் கிராஸ். அதன் நாலு காலிலும் நாலு கப். கப்புக்குள் ஊசி ஊசியாக நீடில்கள். கிராஸைப் பிடித்திருக்கிற கவைதான் யோக்.

என்ஜினை நிறுத்திச் சாவியைத் தன் இடுப்பில் சொருகியிருந்தார் தனக்கொடி. ஷாஃப்டை ஏற்கெனவே கழற்றிக் கிணற்றுக் கல்மேல் வைத்திருந்தார். கப்புகளைப் பிடித்திருக்கிற லாக் வளையங்களை எடுத்துவிட்டு, கப்புகளைத் தட்டி வெளியே எடுத்தேன். ஒன்று மட்டும் வருவேனா என்றது. டீசல் விட்டு ஊறவைத்து, ஒரு பக்கம் பெரிய சாக்கெட், மறுபக்கம் சின்ன சாக்கெட் வைத்துத் தட்ட, மெல்ல நகர்ந்தது. யோக்கின் துளையைத் துணியால் துடைத்து விரலை விட்டுப் பார்த்தேன். அவர் போனில் சொன்னது சரி. கீறல் இல்லை, துளை கோணவும் இல்லை. சத்தம் மாறிய அந்த நொடியில் கிளச்சை மிதித்த கால் காப்பாற்றிய யோக் அது. இன்னொருவர் ஓட்டியிருந்தால் ஷாஃப்டே மாற்றவேண்டி வந்திருக்கும்.

புதுக் கப்பை ஏற்றும்போது நீடில் ஒன்று சாய்ந்துவிட்டது. லாக் உட்காரவில்லை.

"ஓங்கி ஒரு போடு போடுங்கண்ணே, எறங்கிடும்" என்றார் ராசேந்திரன்.

"ஓங்கிப் போட்டா சாயந்தரம் திரும்ப என்னத்தான் கூப்புடணும்" என்று சொல்லிவிட்டு, கப்பை எடுத்து, கிரீஸ் தடவி நீடில்களை மறுபடி நிறுத்தி ஏற்றினேன். இரண்டாம் தடவை லாக் விழுந்தது. கிராஸைக் கையால் ஆட்டினால் எல்லாப் பக்கமும் பூப்போல மடங்கியது. ஷாஃப்டின் இரண்டு பாதியையும் சேர்க்கும்போது இரண்டு முனை யோக்கும் ஒரே நேரில் இருக்கவேண்டும். மாறிப்போட்டால் வண்டியே உதறும். பார்த்துச் சேர்த்து, கிரீஸ் கன்னால் அடித்தேன்.

"மாட்டிடலாமா?" என்றேன்.

3. கவர்

"கவரு?" என்றார் தனக்கொடி.

ஷாஃப்டின் மேல் பிளாஸ்டிக் குழாய் மாதிரி ஒரு கவர் வரும். உள்ளே ஷாஃப்ட் சுற்றினாலும் அது சுற்றாது, சங்கிலி பிடித்திருக்கும். கையோ துணியோ ஷாஃப்டில் மாட்டாமல் இருக்கத்தான் அது. அன்று அது சில்லு சில்லாகக் கிடந்தது.

"கவர் பெரம்பலூர்ல இன்னைக்குக் கெடைக்காதும்மா. சொல்லித்தான் வரவைக்கணும்."

ராசேந்திரன் பாய்ந்துவிட்டார். "அண்ணி, மேகத்தப் பாருங்க! இந்த ஊர்ல எவன் வண்டில கவர் கெடக்குது? ஒருத்தன காட்டுங்க பாப்போம்."

"எவன் வண்டில இல்லன்னா எனக்கென்ன? இது என் வண்டி."

"எங்கயாவது யாருக்காவது அடிபட்டுப் பாத்திருக்கீங்களா?"

"பாக்க வேணாம்னுதான் சொல்றேன்."

அந்தக் காட்டில் கல் அதிகம். வண்டி உழுதுகொண்டு போகப் போகப் பெண்கள் பக்கத்திலேயே நடந்து, கிளம்புகிற கல்லையும் கோரைக் கிழங்கையும் பொறுக்கிப் போடுவார்கள். காற்று வேறு அடித்துக்கொண்டிருந்தது.

"நாங்க தள்ளித்தான் வருவோம், ஓட்டு தனம்" என்றார் பாப்பாத்தி அக்கா, தனக்கொடியின் வெங்காயம் போகிறதே என்ற இரக்கத்தில்.

"தள்ளி வருவீங்க. ஒரு கல்லப் பாத்தா கிட்ட வருவீங்க. நான் முன்னால பாத்து ஓட்டுறதா, பின்னால உங்க முந்தானையப் பாக்குறதா?"

ராசேந்திரன் விடவில்லை. "நான் பொறுக்குறேன், போதுமா? எனக்கு முந்தானை இல்ல."

"இருக்கற வேட்டிய ஒழுங்காக் கட்டு மொதல்ல" என்று பாப்பாத்தி அக்கா சொல்ல, அத்தனை பெண்களும் சிரித்தார்கள். தனக்கொடி சிரிக்கவில்லை. தார்ப்பாயைப் பார்த்தார், கிழக்கே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "வெங்காயம் போனா அடுத்த பட்டத்துக்கு வேற வெத வாங்கிக்குவேன்ணே. நீங்க ஏதாச்சும் பண்ண முடியுமா?" என்றார்.

எத்தனையோ வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். நட்டு ஒன்று குறைந்தால்கூட 'பரவால்ல, ஓட்டு' என்கிற ஆட்கள்தான் அதிகம். அந்த மேகத்தை வைத்துக்கொண்டு இப்படிக் கேட்ட ஆள் இவர் ஒருவர்தான்.

உடைந்த கவரைப் புரட்டினேன். குழாய்தான் போயிருந்தது. முனைகளில் இருக்கும் வளையங்களும் சங்கிலியும் நன்றாக இருந்தன. மோட்டார் கொட்டகையில் பி.வி.சி. பைப் துண்டுகள் கிடந்தன. ஒன்றுக்குள் ஒன்று நுழைகிற மாதிரி இரண்டைத் தேர்ந்தெடுத்தார் தனக்கொடி. ஆக்ஸா பிளேடால் நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, பிளந்து ஷாஃப்ட்மேல் போட்டு, வளையத்தோடு சேர்த்துக் கிளாம்ப் முடுக்கினோம். சண்டை போட்ட ராசேந்திரன்தான் வெயிலில் உட்கார்ந்து பைப்பை அறுத்தவர். அதையும் சொல்லவேண்டும்.

நேரம் போனது. அறுக்கிற ஒவ்வொரு இழுப்புக்கும் மேகம் ஓர் அடி ஏறுகிற மாதிரி இருந்தது.

மாட்டி, சங்கிலியைக் கொக்கியில் போட்டு, எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லி, மெதுவாகச் சுற்றவிட்டுப் பார்த்தேன். உள்ளே ஷாஃப்ட் சுற்றியது. மேலே வெள்ளைப் பைப் அசையாமல் நின்றது.

"இது தற்காலிகம்தான். ஒரிஜினல் கவர் வந்ததும் மாத்திடணும்" என்றேன்.

"இன்னைக்கே சொல்லி வைங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறினார்.

4. பிறகு

உழவு முன்னால் போக, பாத்தி பின்னால் விழ, பெண்கள் குனிந்த முதுகு நிமிராமல் ஊன்றினார்கள். நானும் கிளம்ப மனமில்லாமல் கொஞ்ச நேரம் கல் பொறுக்கினேன். காட்டின் கடைசித் துண்டு மீதி இருக்கும்போது மழை இறங்கிவிட்டது. வண்டியைக் கரையேற்றவே நேரம் சரியாக இருந்தது. ஊன்றாத வெங்காயம் மூடிய தார்ப்பாய்க்குள் மீந்துபோனது.

"கவரு வேலை பண்ணுன நேரத்துல இதையும் முடிச்சிருக்கலாம்" என்றார் ராசேந்திரன், சத்தமில்லாமல்.

தனக்கொடிக்கும் அது தெரியும். மழையில் நின்றபடி முகத்தை வழித்துவிட்டு, "அக்கா, ஆளுக்கு ஒரு முறம் வெங்காயம் அள்ளிட்டுப் போங்க. எல்லா வூட்லயும் நாளைக்கு வெங்காயச் சாம்பாரு" என்றார்.

பிள்ளைகளே, வேலை என்றால் உடைந்ததைச் சேர்ப்பது என்றுதான் நான் அதுவரை நினைத்திருந்தேன். சேர்த்த பிறகு அதன் பக்கத்தில் யார் நடக்கப் போகிறார்கள் என்று பார்ப்பதும் வேலைதான். நட்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்தே அதைச் செய்தவரை நான் பார்த்தேன். உங்களுக்குக் காட்டுகிற அளவுக்கு அது பெரிய விஷயம்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பைச் சீக்கிரமே திறந்தேன். யாரும் வந்திருக்கவில்லை. மீன்சுருட்டி ஊர்க்காரர் ஒருவரின் ஷாஃப்ட் வேலை முடிந்து சுவரில் சாய்ந்திருந்தது. அவர் ஜாயின்ட் மட்டும்தான் மாற்றச் சொன்னவர். கவரைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பைப்பும் கொஞ்சம் சங்கிலியும் வாங்கி வந்து, கீழே உட்கார்ந்து அறுக்க ஆரம்பித்தேன்.