இரண்டு முறை வாசித்த முதலாம் ஓலை

சுந்தர்ராஜுக்கு நாற்பத்து நான்கு வயது. சித்தூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிற வேலை. எங்கள் சபையின் ஞாயிறு ஆராதனைத் தாளையும் பதினாறு வருஷமாக அவர்தான் அடித்துக் கொடுக்கிறார். கல்யாணம் ஆகவில்லை. கேட்டால், "ஆவும்போது ஆவட்டும்" என்பார். நாங்களும் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டோம்.

எங்களுக்கும் திருப்பதி சபைக்கும் ஒரே தாள். அது திருப்பதி ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருக்கும். ஞாயிறு காலை இரண்டு ஊர் சர்ச் திரையிலும் அதுதான் வரும். முன்பெல்லாம் சுந்தர்ராஜ் பென் டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். போன வருஷம் அந்தத் திருப்பதி ஃபோல்டரை இங்கிருக்கும் கம்ப்யூட்டரிலேயே தெரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். நம் ஃபோல்டரைப் போலவே திறக்கும். திருத்தி சேவ் செய்தால், மாற்றத்தைத் திருப்பதியில் ஏற்றவா என்று ஒரு பெட்டி வந்து கேட்கும். ஆம் என்று அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

சுந்தர்ராஜ் எந்தப் பெட்டியையும் படித்துப் பார்க்கிற ஆள் இல்லை, வந்ததும் அமுக்கிவிடுவார். இன்னொரு பழக்கமும் உண்டு. சித்தூர் கரண்டை நம்பாமல் வரிக்கு ஒரு தடவை சேவ் செய்வார். விரல் தானாகவே போகும்.

அந்த வாரம் தாளில் கிரேஸின் ஓலை இருந்தது. எங்களில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண், மாப்பிள்ளை பெயரைச் சபையில் வாசிப்பார்கள், அதைத்தான் ஓலை என்போம். ஆட்சேபனை இருந்தால் எழுந்து சொல்லலாம். கிரேஸ் ஸ்கூல் டீச்சர், பாடகர் குழுவில் என் பக்கத்தில் நிற்பவள், அவளுக்கு முப்பத்தெட்டு வயதில் திருப்பதி சபை ஆசிரோடு இப்போதுதான் கல்யாணம் அமைந்திருந்தது. சபையில் தன்னைவிட மூத்த ஆண்களையெல்லாம் அவள் அண்ணா என்பாள். சுந்தர்ராஜை மட்டும் சார் என்பாள். நாங்கள் யாரும் அதைக் கவனித்ததில்லை. அவர் கவனித்திருக்கிறார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. புதிதாக வந்த பாஸ்டர், கண்ணில் பட்டதை அப்படியே கணீரென்று வாசிப்பவர். திரையைப் பார்த்து வாசித்தார்.

"சித்தூர் சபை சுந்தர்ராஜுக்கும், சித்தூர் சபை கிரேஸுக்கும் நடக்கவிருக்கும் திருமணத்துக்கு இது முதலாம் ஓலை. ஆட்சேபனை உள்ளவர்கள் சொல்லலாம்."

சர்ச்சே பின்னால் திரும்பியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கடைசி பெஞ்சில் கம்ப்யூட்டர் பக்கத்தில் இருந்த சுந்தர்ராஜ் அப்போதே எழுந்திருக்க வேண்டும். எழவில்லை. பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

கடைசியில் கிரேஸ்தான் எழுந்தாள். "எனக்கு ஆட்சேபனை இருக்கு" என்றாள்.

ஆராதனை முடிந்து கிரேஸ், சுந்தர்ராஜ், நான் எல்லாரும் பாஸ்டர் அறைக்குள் போவதற்குள் திருப்பதியிலிருந்து போன் வந்துவிட்டது. அங்கேயும் திரையில் அதே தாள்தானே. பேசியது ஆசிரின் அக்கா ஸ்வீட்டி. பாஸ்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"இங்க சொந்தக்காரங்க எல்லாம் கேட்டுக்கினு இருக்காங்க. பொண்ணுக்கும் அவருக்கும் இன்னா சம்பந்தம்? இருந்தா சொல்லிடுங்க, இதோட வுட்டுடலாம்."

"கம்ப்யூட்டர் தப்புங்க" என்றார் சுந்தர்ராஜ்.

"கம்ப்யூட்டருக்கு உங்க பேரு எப்படிங்க தெரியும்?"

கிரேஸ் அழவும் இல்லை, அவரைப் பார்க்கவும் இல்லை. கையில் இருந்த கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் சுந்தர்ராஜ் உடைந்துவிட்டார்.

"நான்தான் அடிச்சேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் ஒரு வார்த்தை அவங்ககிட்ட சொன்னது இல்ல. ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருந்தா எப்படி இருக்கும்னு ஒரு நிமிஷம் அடிச்சுப் பாத்தேன். உடனே ஆசிர்னு திருத்திட்டேங்க. கர்த்தர் சாட்சியா திருத்திட்டேன்."

திருத்தியது உண்மைதான். அவர் பெயரை அடித்ததும் விரல் சேவ் செய்திருக்கிறது, பெட்டி கேட்டிருக்கிறது, ஆம் என்று அமுக்கியிருக்கிறார். அது திருப்பதிக்குப் போய்விட்டது. ஆசிர் என்று திருத்தி சேவ் செய்தபோது நெட் போயிருந்தது. ஏற்ற முடியவில்லை என்று வந்த பெட்டியையும் படிக்காமல் அமுக்கிவிட்டார். அன்று அவர் எதிரில் இருந்த திரையில் மட்டும் எல்லாம் சரியாக இருந்தது, மூடித் திறந்திருந்தால் திருப்பதியில் இருப்பது தெரிந்திருக்கும்.

"அடுத்த வாரம் முதல்லேர்ந்து வாசிக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொல்லி ஸ்வீட்டி போனை வைத்துவிட்டாள்.

சுந்தர்ராஜ் முகத்தைத் தூக்கவே இல்லை. பதினாறு வருஷமாகத் தலை நிமிர்ந்து நடந்த இடத்தில் எங்கே பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "நான் வேற யாரையாவது வெச்சு திருத்திக்கறேன், நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார் பாஸ்டர்.

"வேணாம் பாஸ்டர்" என்றாள் கிரேஸ். "அவரே திருத்தட்டும்."

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். கிரேஸ் பின்னால் நின்றாள். சித்தூர் சபையையும் தன் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அழித்துத் திருப்பதி சபை ஆசிர் என்று அடித்தார். சேவ் செய்தார். பெட்டி வந்தது. முதல் முறையாக அதை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை வாய்விட்டுப் படித்துவிட்டு, ஆம் என்று அமுக்கினார்.

"ஒருவாட்டி மூடிட்டுத் தொறந்து பாருங்கண்ணா" என்றாள் கிரேஸ்.

அவர் கை மவுஸின் மேல் அப்படியே நின்றது. பிறகு மூடினார், திறந்தார், பார்த்தார்.

"ஆசிர்னுதாம்மா இருக்குது" என்றார்.